நாற்றும் நன்மொழியும்

'நர்ஸரி' என்னும் ஆங்கிலச் சொல்லைத் தமிழில் பெயர்க்க நேரும்போதெல்லாம் நாம் சற்றுத் தயங்குவதுண்டு. அகராதி உடனே 'நாற்றங்கால்' என்று விடை தந்துவிடுகிறது. ஆனால் அச்சொல்லைக் கேட்டவுடன் தமிழர் கண்முன் நிற்பது சேறும் நீரும் நிறைந்த வயலின் ஒரு மூலை. தொட்டிகளில் வரிசையாக நிற்கும் ரோஜாவும் ஒட்டு மாங்கன்றும் நினைவுக்கு வருவதில்லை. 'நாற்றுப் பண்ணை' என்று எழுதினால் பொருள் ஓரளவு பொருந்துகிறது. எனினும் மூலச்சொல்லில் உள்ள ஒரு நயம் நழுவிவிடுகிறது. கைக்குழந்தையை வைத்து வளர்க்கும் அறைக்கும் ஆங்கிலத்தில் அதே பெயர் வழங்குவதை நேயர்கள் அறிவார்கள். பிறந்த குழந்தையைக் காண உற்றார் உறவினர் எவ்வாறு செல்கின்றனரோ, ஏறத்தாழ அவ்வாறே செடி வளர்ப்பவர்கள் நாற்றுப் பண்ணையைக் காணச் செல்கின்றனர். அவர்களுக்கு அவசரம் இல்லை. வாங்கியே தீரவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பண்ணைக்காரர் தம் கன்றுகளைப் பற்றிப் பேசுவார்; வந்தவர் தம் வீட்டுச் செடியின் நலிவைச் சொல்லி வைத்தியம் கேட்பார்; இடையில் காப்பி வரும். தோட்டக்கலையைப் போலவே இந்தப் போக்குவரவுக்கும் ஒரு வரலாறு உண்டு. தமிழ்நாட்டின் எல்லையை ஒட்டிப் பாலக்காட்டிலும் இடுக்கியிலும் அது எவ்வாறு நடந்தேறியது என்பதே நாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள்.

இந்த எல்லையை முதலில் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. பாலக்காட்டுப் பக்கம் வாளையாறு, கோபாலபுரம், கோவிந்தாபுரம் ஆகிய வாயில்கள்; இடுக்கிப் பக்கம் சின்னாறு, போடிமெட்டு, கம்பமெட்டு, குமுளி. இரண்டு மாவட்டங்களும் ஒன்றையொன்று தொடுவதில்லை. இரண்டையும் தொடுவது தமிழ்நாடு. 1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் தேதிக்குச் சில ஆண்டுகள் முன்வரை இங்கே மூன்று ஆட்சிகள் நடந்தன. பாலக்காடு சென்னை மாகாணத்து மலபார் ஜில்லாவைச் சேர்ந்தது. சித்தூரும் நெல்லியாம்பதி மலையும் கொச்சி மன்னருக்கு உரியவை. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூரில் அடங்கியவை. இடுக்கி என்ற மாவட்டம் அமைந்ததே 1972-ல்தான். ஆட்சிகள் மூன்றாயினும் கொழிஞ்சாம்பாறைக் கடைவீதியிலும் மூணாற்றுத் தோட்டத்து லயங்களிலும் காதில் விழும் மொழி பெரும்பாலும் தமிழே. ஒரு முளைக்குச்சி ஒரு ராஜ்யத்திலிருந்து மற்றொரு ராஜ்யத்துக்குப் போக யாரும் அனுமதிச் சீட்டுக் கேட்டதில்லை.

விலை கொடுத்துக் கன்று வாங்கும் வழக்கம் இப்பகுதிக்குப் புதியது. கேட்டு வாங்கும் வழக்கமோ மிகப் பழையது. பாலக்காட்டு அக்கிரகாரங்களில், கல்பாத்தி போன்ற வரிசை வீடுகளில், கொல்லைப்புறமே நாற்றுப் பண்ணை. நந்தியாவட்டை, பவழமல்லி, துளசி, வெற்றிலைக்கொடி என ஒரு வீட்டில் உள்ளது நாளடைவில் தெருவெங்கும் பரவிவிடும். கேட்பதற்கும் ஒரு முறை உண்டு. வந்தவுடனே செடியைப் பற்றிப் பேசுவது அழகன்று. திண்ணையில் அமர்ந்து, க்ஷேமலாபங்களை விசாரித்து, புறப்படும் வேளையில் மட்டுமே, "உங்கள் அடுக்கு நந்தியாவட்டை நன்றாகப் பூத்திருக்கிறதே" என்று பொதுவாகச் சொல்லவேண்டும். அதற்குமேல் சொல்ல வேண்டியதில்லை. வீட்டுக்காரர் குறிப்பறிந்து கொள்வார். விளக்கு வைத்த பிறகு கேட்பதும் இல்லை, கொடுப்பதும் இல்லை. அந்தி சாய்ந்தால் செடி உறங்குகிறது என்பது கொள்கை. நவராத்திரியில் தாம்பூலத்தோடு வேர்விட்ட சிறு துளசியையும் வைத்துக் கொடுக்கும் பாட்டிமாரை நாம் சிறுவயதில் கண்டிருக்கிறோம்.

மலையாள நாட்டில் இதற்குப் பருவமும் வகுத்து வைத்திருந்தனர். கதிரவன் திருவாதிரை நாண்மீனில் நிற்கும் ஆனி மாதத்து இரு வாரங்களைத் திருவாதிரை ஞாற்றுவேலை என்பர். வெயிலும் மழையும் சரியளவில் கலந்து வரும் அந்நாட்களில் எந்தக் குச்சியை நட்டாலும் துளிர்க்கும் என்பது உழவர் நம்பிக்கை. மிளகுக்கொடி நடுவதற்கு அதுவே தலைசிறந்த காலம். பறங்கியர் மிளகுக்கொடிகளைக் கப்பலேற்றிக் கொண்டுபோகிறார்களே என்று அமைச்சர் பதற, கோழிக்கோட்டுச் சாமூதிரி மன்னர், கொடியைத்தானே கொண்டுபோகிறார்கள், நம் ஞாற்றுவேலையைக் கொண்டுபோக முடியாதே என்று சொல்லிச் சிரித்தாராம். இது செவிவழிக் கதையே. ஆவணம் எதுவும் இல்லை. ஆனால் கேட்டவருக்குக் கொடியை இல்லையென்று சொல்லாத ஒரு மனப்பான்மை இக்கதையில் பதிந்திருக்கிறது. பின்னாளில் மிளகு வேறு நாடுகளிலும் செழித்தது என்பதைக் கதை சொல்வோர் சேர்ப்பதில்லை.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வேறொரு வகைத் தோட்டக்காரர்கள் வந்தார்கள். ராபர்ட் வைட் என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் கோயம்புத்தூரில் தங்கி அமெரிக்கப் பருத்தியைப் பயிரிட்டுப் பார்க்கும் பொறுப்பை வகித்தவர். அவரது நெஞ்சமெல்லாம் மலைச்செடிகளிலேயே இருந்தது. தென்னிந்தியச் செடிகளின் படங்களை 1838 முதல் 1853 வரை ஆறு தொகுதிகளாக வெளியிட்டார். அப்படங்களை வரைந்தவர்கள் ரங்கையா, கோவிந்து என்னும் இந்திய ஓவியர் இருவர். ஓர் ஆர்க்கிட் இனத்துக்கு வைட் 'கோவிந்தூயியா' என்று தம் ஓவியரின் பெயரையே சூட்டினார். நண்பர்க்கும் மேலதிகாரிக்கும் கவர்னருக்கும் செடிப்பெயர்களை வாரி வழங்கிய அக்காலத்தில், சம்பளத்துக்கு வரைந்த ஓர் ஓவியருக்கு அம்மரியாதை கிடைத்தது அரிது. பிற்கால வகைப்பாட்டில் அந்த இனம் வேறோர் இனத்துக்குள் அடங்கி, பெயரும் மறைந்துவிட்டது.

உதகமண்டலத்துத் தாவரத் தோட்டம் ஒரு சந்தாவில் தொடங்கியது என்பதைப் பலர் அறியார். 1840-களில் அங்கிருந்த ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் செலுத்தி, தங்களுக்கு வேண்டிய சீமைக் காய்கறிகளைப் பயிரிட்டுப் பெற ஏற்பாடு செய்துகொண்டனர். அது சரிவர நடைபெறவில்லை. பின்னர் 1848-ல் இங்கிலாந்தின் கியூ தோட்டத்திலிருந்து வில்லியம் மக்ஐவர் வந்து பொறுப்பேற்றார். காய்கறித் தோட்டம் பெரும் பூங்காவாயிற்று. 1860-களில் தென்னமெரிக்காவின் சின்கோனா மரத்தை நீலகிரியில் நிலைநாட்டியவரும் அவரே. இத்தகைய செடிகள் கடல் கடந்து உயிரோடு வந்ததற்குக் காரணம் ஒரு கண்ணாடிப் பெட்டி. லண்டன் மருத்துவர் நத்தானியல் வார்டு, மூடிய கண்ணாடிக் குடுவைக்குள் செடி தன் ஈரத்தாலேயே பிழைக்கும் என்று கண்டறிந்தார். 1833-ல் அத்தகைய பெட்டிகளைச் சோதனையாக ஆஸ்திரேலியாவுக்கு அனுப்பி வெற்றி கண்டார். அதன் பிறகு உலகத்துச் செடிகள் எல்லாம் பயணம் புறப்பட்டுவிட்டன எனலாம்.

1877-ல் ஜான் டேனியல் மன்றோ என்னும் திருவிதாங்கூர் அதிகாரி, பூஞ்ஞாற்று அரச குடும்பத்தாரிடமிருந்து கண்ணன் தேவன் மலைகளைக் குத்தகைக்குப் பெற்றார். அங்கே முதலில் தேயிலை இல்லை. காப்பி, சின்கோனா, ஏலம், கற்றாழை நார் என்று பலவும் முயன்று பார்க்கப்பட்டன. 1880-ல் ஷார்ப் என்பவர் பார்வதி என்ற இடத்தில் தேயிலை பயிரிட்டார். இலங்கையில் அதற்குச் சற்று முன்பே ஒரு பேரிடர் தொடங்கியிருந்தது. 1869-ல் அங்கே காப்பி இலைகளில் துருப்போன்ற நோய் தோன்றிப் பரவியது. சில ஆண்டுகளில் தென்னிந்தியக் காப்பியையும் பற்றியது. தோட்டக்காரர்கள் தேயிலைக்கு மாறியதற்கு அந்நோயும் பெருங்காரணம். 1897-ல் கண்ணன் தேவன் கம்பெனி ஏற்பட்டபின் மலை முழுவதும் பசும் கம்பளமாயிற்று.

தேயிலை அக்காலத்தில் விதையிலிருந்தே வளர்க்கப்பட்டது. விதைகளை நீரில் இட்டு, மிதப்பவற்றைத் தள்ளி, மூழ்குபவற்றை மட்டும் மணற்பாத்தியில் இடுவார்கள்; ஓடு வெடித்தபின் நாற்றுப்பாத்திக்கு மாற்றி, மேலே பந்தல் போட்டு நிழல் தருவார்கள். ஒரு தோட்டத்தின் நாற்றுப்பாத்தியைப் பக்கத்துத் தோட்டத்துத் துரை வந்து பார்ப்பது பெரிய மரியாதை. அவர்களுக்குள் இருந்த சம்பிரதாயங்களை இன்று கேட்டால் நகைப்பு வரும். இங்கிலாந்தில் புதிதாகக் குடிவந்தவரை ஊரார் சென்று காண்பர்; இந்தியாவிலிருந்த ஆங்கிலேயரோ அதைத் தலைகீழாக்கி, புதிதாக வந்தவரே எல்லா வீடுகளுக்கும் சென்று தம் பெயர்ச்சீட்டை வைத்துவிட்டு வரவேண்டும் என்று விதித்தனர். அதற்கு உரிய வேளை நண்பகல் பன்னிரண்டு முதல் இரண்டு மணி வரை; நம் நாட்டு வெயிலில் யாருக்குத் தோன்றிய யோசனையோ தெரியவில்லை. வீட்டு வாயிலில் 'வீட்டில் இல்லை' என்று எழுதிய தகரப் பெட்டி தொங்கும். வீட்டுக்காரர் உள்ளே இருந்தாலும் சீட்டைப் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்புவதே நாகரிகம். பெட்டியைத் தாண்டிப் பேச்சுத் தொடங்கினால், முதலில் வானிலையைப் பற்றியும் அடுத்து ரோஜாவைப் பற்றியும் பேசலாம். மூணாற்று ஹைரேஞ்சு கிளப்பின் சுவரில் நீண்டகாலம் பணிபுரிந்த உறுப்பினர்களின் பழந்தொப்பிகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கின்றன. முப்பது ஆண்டு மலையில் கழித்தவருக்கே அப்பெருமை என்பர்.

அந்த நாற்றுப்பாத்திகளில் நீர் தெளித்தவர்கள் யார்? திருநெல்வேலி, மதுரைச் சீமைகளிலிருந்து கங்காணிகளின் பின்னே மலையேறிய தமிழ்க் குடும்பங்கள். அவர்கள் தொப்பி எந்தச் சுவரிலும் இல்லை. பெயர்ச்சீட்டும் அவர்களிடம் இல்லை. துரையின் பங்களாப் பூங்காவில் டேலியாவையும் ஜெரேனியத்தையும் பேணியவர் பூந்தோட்டக்காரர் என்ற ஒரே சொல்லில் அடங்கிவிட்டார். தோட்டத் தொழிலாளர்க்குக் குடியிருப்பு, மருத்துவம் முதலியவற்றைக் கட்டாயமாக்கிய சட்டம் 1951-ல்தான் வந்தது. ஆனால் இம்மக்களிடையேயும் செடிப் போக்குவரவு நடந்துகொண்டேயிருந்தது. துரைமாரின் பூங்காவில் கவாத்துச் செய்து எறிந்த குச்சிகளே லயத்து வாசலில் ஜெரேனியமாகப் பூத்தன. ஊருக்குத் திருவிழாவுக்குப் போனவர்கள் சவ்சவ்வைக் கீழே கொண்டுபோய், முருங்கைப் போத்தையும் கறிவேப்பிலைக் கன்றையும் மேலே கொண்டுவந்தார்கள். முருங்கை குளிரில் பிழைக்கவில்லை என்பது வேறு. 1924-ஆம் ஆண்டு வெள்ளம் மூணாற்று இருப்புப்பாதையை அடியோடு வாரிச்சென்ற வரலாறு எழுதப்பட்டிருக்கிறது. அவ்வெள்ளத்துக்குப் பின் லயத்து வாசல்களில் மீண்டும் பூச்செடி நட்டவர்களின் வரலாற்றை எழுதுவோர் இல்லை.

பின்னாளில் தேயிலை நாற்றங்காலில் விதைக்குப் பதில் ஓர் இலையும் ஒரு கணுவும் கொண்ட துண்டுகள் வந்தன. பாலிதீன் உறைகளில் மண் நிரப்பி, அத்துண்டை ஊன்றி, ஓராண்டளவு நிழலில் வைத்துக் காக்கும் வேலை பெரும்பாலும் பெண்களுடையது.

இதற்கிடையே சர்க்காரும் நாற்றுப் பண்ணை வைக்கத் தொடங்கியது. நெல்லியாம்பதியில் கொச்சி அரசு 1943-ல் ஆரஞ்சு, காய்கறிப் பண்ணை ஒன்றை நிறுவியது. நெம்மாறையிலிருந்து போத்துண்டி அணையைக் கடந்து, கொண்டையூசி வளைவுகள் பல ஏறி அங்கே போகவேண்டும். பண்ணையின் பெயரில் முதலிடம் ஆரஞ்சுக்கு. இன்று அங்கே போவோர் பெரிதும் தேடுவது பேஷன் பழமும் அதன் சாறுமே. பழச்சாறும் ஜாமும் வாங்க வருவோர் ஒரு வகை. கன்று வாங்க வருவோர் வேறு வகை. அவர்கள் சாயங்காலம்வரை திரும்பமாட்டார்கள். 1955-ஆம் ஆண்டு அக்டோபரில் சென்னை முதலமைச்சர் காமராசர் திறந்துவைத்த மலம்புழை அணையின் அடியிலும் பெரிய பூங்கா உண்டு. அணையைப் பார்க்க வந்தோம் என்று சொல்லிக்கொண்டு குரோட்டன்ஸ் வரிசையில் நின்றுவிடும் கோயம்புத்தூர்க் குடும்பங்கள் பல.

இதுவரை சொன்னவை இனிமையானவை. இனிச் சொல்வது அவ்வளவு இனிமையானதன்று. அலுவலில் ஒருமுறை, நோயுற்ற பகுதியிலிருந்து நாற்றோ கன்றோ எடுத்துச் செல்லலாகாது என்ற அறிவிப்பைத் தமிழாக்கும் பணி நமக்கு வந்தது. 'கொடுத்தலும் பெறுதலும் ஆகாது' என்று எழுதிவிட்டு நெடுநேரம் அவ்வரியைப் பார்த்துக்கொண்டிருந்தோம். கொடுப்பதையே அறமாகக் கருதிய மொழியில் அவ்வாறு எழுதுவது உறுத்தியது. ஆனால் அறிவிப்பின் நியாயத்தை மறுக்க வரலாறு இடம் தரவில்லை. அழகுச் செடியாக 1809-ஆம் ஆண்டளவில் கல்கத்தாத் தோட்டத்துக்கு வந்த உண்ணிச்செடி, வேலிக்கென்று கைமாறிக் கைமாறி, இன்று இந்த மலைக்காடுகளில் யானைக்கும் காட்டுமாட்டுக்கும் புல் இல்லாமற் செய்துவிட்டது. ஊதாப் பூவின் அழகுக்காகக் குளத்தில் விடப்பட்ட ஆகாயத்தாமரையைத் தடுக்க இலங்கை அரசு 1909-லேயே தனிச்சட்டம் இயற்ற நேர்ந்தது. வாழையின் முடிக்கொத்து நோய் 1940-ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கன்றுகளோடு கேரளத்துக்கு வந்ததாகக் கருதப்படுகிறது. பின்னர் எல்லைக்கு இப்பால் பழனிமலைச் சரிவில், பஞ்சாமிருதத்துக்குப் பேர்போன விருப்பாச்சி வாழையை அது ஏறக்குறைய அழித்தே விட்டது. நீலகிரி உருளைக்கிழங்கில் 1961-ல் கண்டறியப்பட்ட நூற்புழுவின் காரணமாக, அங்கிருந்து விதைக்கிழங்கை வெளியே அனுப்புவதற்குத் தடை வந்தது. இடுக்கி ஏலத்தோட்டங்களின் 'கட்டே' நோயோ அசுவினியாலும் பரவும், அண்டைவீட்டார் அன்போடு பெயர்த்துக் கொடுத்த பக்கக்கன்றாலும் பரவும். இந்தியாவில் இவற்றுக்கான முதற்சட்டம் 1914-ல் ஏற்பட்டது. சட்டம் துறைமுகத்தில் நின்றது, திண்ணைவரை வரவில்லை.

அப்படியானால் கொடுப்பதை நிறுத்திவிடுவதா? இடுக்கியில் அதற்கு எதிரான சான்றும் இருக்கிறது. கட்டப்பனையைச் சேர்ந்த செபாஸ்டியன் ஜோசப் என்னும் விவசாயி, தம் தோட்டத்து ஏலச்செடிகளில் மிகுதியாகக் காய்ப்பவற்றைப் பல ஆண்டுகள் உற்றுநோக்கிப் பொறுக்கி, பக்கக்கன்று மூலமாகவே பெருக்கினார். அவரது குடும்பப் பெயரால் 'ஞள்ளானி' என்று வழங்கும் அந்த ரகம், 1990-களில் ஏலமலை முழுவதும் பரவியது. பல்கலைக்கழகமோ ஆராய்ச்சி நிலையமோ வெளியிட்ட ரகம் அன்று அது. விவசாயிகள் தோட்டத்துக்குச் சென்று கண்ணால் கண்டு, பேசி, கன்று வாங்கி வந்ததனால் பரவியது. நாற்றுப் பண்ணை காணச் செல்லும் பழக்கம் இல்லாதிருந்தால் அந்தக் குறிப்பிட்ட செடி அந்தத் தோட்டத்தோடு நின்றிருக்கக்கூடும். அதே வேளையில், ஒரே ரகம் மலையெங்கும் நிறைந்ததால் பழைய ரகங்கள் பல ஒதுங்கின என்பதையும் மறைக்க விரும்பவில்லை. கேட்டுக் கொடுத்தலில் எது நன்மை, எது தீமை என்று பிரித்து எழுத அறிவிப்புத் தமிழால் இயலவில்லை. நாம் இறுதியில் அவ்வரியை, 'நோயற்றவை என உறுதி பெற்ற கன்றுகளையே கொடுக்கவும் பெறவும் வேண்டும்' என்று மாற்றிக் குறிப்பெழுதி அனுப்பினோம். மேலே இருந்தவர்கள் பழைய வரியையே வைத்துக்கொண்டார்கள். அவர்கள் செய்ததே சரியாகவும் இருக்கலாம்; மூலத்தில் இல்லாததை எழுத மொழிபெயர்ப்பாளனுக்கு உரிமை இல்லை.

சில ஆண்டுகளுக்கு முன் போடிமெட்டு வழியாக மலையேறியபோது, ஒரு தோட்டத்து லயத்தின் முன்னே இளஞ்சிவப்பு ஜெரேனியம் பூத்திருப்பதைக் கண்டு நின்றோம். வாசலில் ஒரு மூதாட்டி அமர்ந்திருந்தார். பாலக்காட்டுப் பாட்டிமார் கற்பித்த முறைப்படி ஊரையும் பேரன் பேத்திகளையும் விசாரித்துவிட்டு, கிளம்பும் வேளையில், "பூ ரொம்ப நன்றாக இருக்கிறது, பாட்டி" என்றோம். அவர் சிரித்துக்கொண்டே எழுந்து, இரண்டு குச்சிகளை ஒடித்து, ஈரத்துணியில் சுற்றி, மேலே வாழைப்பட்டை வைத்துக் கட்டிக் கொடுத்தார். சட்டைப்பையில் நாம் கைவைத்ததைப் பார்த்துவிட்டு, "காசு குடுத்தா வேரு புடிக்காது சாமி. புடிச்சுதுன்னா ஒரு கடுதாசி போடுங்க" என்றார். பிடித்தது; எழுதினோம். பேரன் கையெழுத்தில் பதில் வந்தது. கீழே எங்கள் வீட்டில் செவ்வரளி இருந்தால் ஒரு போத்து வேண்டுமென்று பாட்டி கேட்பதாக அதில் கண்டிருந்தது.

அந்த அறிவிப்பின் வரி நினைவுக்கு வராமல் இல்லை. வேளாண்மை அலுவலர் ஒருவரிடம் அரளியைக் காட்டி, பூச்சியோ நோயோ இல்லை என்று கேட்டறிந்துகொண்டோம். அடுத்த ஆனி மாதம், திருவாதிரை ஞாற்றுவேலை பார்த்து, இலைகளைக் கிள்ளி, மண் சிறிதும் ஒட்டாமல் கழுவி, இரண்டு போத்துகளை எடுத்துச் சென்றோம். பாட்டி ஒன்றைத் தம் வாசலிலும் மற்றொன்றை அடுத்த லயத்திலும் நடச்செய்தார். அடுத்த லயத்தில் நட்டது பிடித்தது.